ஆறு நிமிட இருட்டு

டட்... டட்... டட்!

மூன்றாவது தோட்டா கீபோர்டுப் பெட்டிகளைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது. மதிய வெயிலுக்காக ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தான் அம்ஜத். உள்ளே ஆள் இருப்பது சுட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் சுட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மேஜைக்கு அடியில் அவன் குப்புறக் கிடந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே இருந்தது.

இரண்டு பைக்குகள் உறுமிக்கொண்டு பஸ்ராவின் சந்தைத் தெருவைத் தாண்டிப் போயின. அதற்குப் பிறகும் சற்று நேரம் அவன் எழவில்லை.

"அம்ஜத்! உயிரோட இருக்கியா?"

பக்கத்துக் கடை ஸப்ரியின் குரல். மொபைல் உறை விற்பவன்.

"இருக்கேன்."

"அப்ப வெளிய வந்து சுவத்தைப் பாரு. உன் பேரைப் பெரிசா எழுதியிருக்காங்க. கடைக்குப் போர்டு வைக்கணும்னு ஆறு மாசமா புலம்பினியே, செலவில்லாம வெச்சுட்டுப் போய்ட்டாங்க."

சொல்லிவிட்டு ஸப்ரி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

சுவரில் சிவப்புப் பெயின்ட் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. 'அம்ஜத் ரத்தப் பழி உள்ளவன். இப்படிக்கு, ஷனாவா குடும்பம்.'

ஹாஜி ஷனாவாவின் இளைய மகன் ஐஸரை வியாழக்கிழமை மாலை அவர்களுடைய ஐஸ் தொழிற்சாலை வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். சனிக்கிழமை துக்கக் கூடாரத்துக்குப் போய் இறந்தவனுக்காக ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தான் அம்ஜத். கையைப் பிடித்தபோது ஹாஜி இவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

"நான் யாரையும் கொல்லலையே, ஸப்ரி."

"கொன்னவன் யாருன்னு தெரியாமப் போனதுக்கு நீதான் காரணமாம். சந்தை பூரா இதே பேச்சு. அங்க நீ மாட்டின மினி பிசி ஓடியிருந்தா கேமராவுல அவன் மூஞ்சி விழுந்திருக்கும், பொருந்தாத ரேமைத் தலையில கட்டிட்டான்னு மூத்தவன் தஹ்ஸீன் சொல்லிட்டுத் திரியறான்." ஸப்ரி குரலைத் தாழ்த்தினான். "ஷட்டரைப் பூட்டு. வீட்டுக்குப் போ. பின்பக்கமா போ."

* * *

அன்று சாயங்காலமே சித்தப்பா ஜாஸிப் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் அவகாசம் வாங்கி வந்தார். அந்த மூன்று நாளும் யாரும் யாரையும் தொடக் கூடாது. அது முடிந்ததும் ஷனாவா குடும்பத்தின் விருந்தினர் கூடத்தில் பஞ்சாயத்து. நடுவர் சையித் நஈம்.

"என்ன கேக்கறாங்க, சித்தப்பா?"

"ஊரை விட்டுப் போகணுமாம். நீ, உன் பொண்டாட்டி, உன் அம்மா, நான், என் பிள்ளைங்க... மொத்த வீடும். ஏழு வருஷம் பஸ்ரா மண்ணை மிதிக்கக் கூடாது." ஜாஸிப் தலைத்துணியை அவிழ்த்து உதறினார். "எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு. திரும்பி வரப்ப என்னைப் பெட்டியிலதான் கொண்டு வரணும். உண்மையைச் சொல்லுடா. பொருந்தாததை வித்தியா?"

சமையலறை வாசலில் ஹனா நின்றிருந்தாள். ஏழாவது மாதம். இடுப்பில் கையை ஊன்றியபடி கணவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருந்தும், சித்தப்பா."

"அப்ப ஏன் எரியலை?"

அம்ஜத் நடந்ததைச் சொன்னான்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஐஸர்தான் அவனைத் தொழிற்சாலைக்கு வரவழைத்திருந்தான். இருந்த நாலு கண்காணிப்புக் கேமராவோடு இன்னும் நாலு சேர்க்க வேண்டும். "டீசல் குறையுது, உஸ்தா," என்று தொழில் தெரிந்தவனுக்குரிய மரியாதையோடு அழைத்து, ஜெனரேட்டர் டேங்க் பக்கம் கையைக் காட்டினான். "வாரத்துக்கு ரெண்டு பீப்பா. வெளியாள் உள்ள வர வழியே கிடையாது. யாருன்னு பார்த்துடணும். அப்பாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க." கேமரா ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவனே ஏணியில் ஏறிக் காட்டினான். நல்ல பையன். வேலை முடிவதற்குள் மூன்று முறை டீ வந்தது.

எட்டு கேமராவின் படத்தையும் பதிய அந்தக் கையகல மினி பிசிக்கு ஒரு ரேம் தகடு போதாது. அம்ஜத் இரண்டாவதைச் சேர்த்தான். இரண்டும் ஒரே தலைமுறை, ஒரே வோல்ட். புதியது வேகத்தில் மட்டும் ஒரு படி கம்மி. அப்படி இருந்தால் மதர்போர்டு இரண்டையுமே கம்மியான வேகத்தில் ஓட்டிக்கொள்ளும். மூடியை முடுக்கி, திருகின் மேல் தன் கடையின் உத்தரவாத ஸ்டிக்கரை ஒட்டினான்.

ஆனால் இந்தப் புதிய ரக ரேமுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக மாட்டினாலோ இடம் மாற்றினாலோ, முதல் தடவை மெஷின் அதைத் தானே அளந்து பார்த்துக்கொள்ளும். அளந்து முடிக்கும்வரை திரையில் ஒரு புள்ளிகூட வராது. நாலு நிமிடம் ஆகலாம், ஆறு ஆகலாம், சில போர்டுகளில் பத்தும் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு தடவை முழுசாக அளந்துவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை. பொத்தானை அழுத்தியதும் எழுந்துவிடும்.

பஸ்ராவில் யாருக்கு அந்தப் பொறுமை? அரசு மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நாள் முழுக்க மாறி மாறி ஓடுகிற ஊர். ஃப்ரிட்ஜ் முனகினால் பிடுங்கு. டிவி இருண்டால் பிடுங்கு, பத்து எண்ணிவிட்டுச் செருகு. பேச்சு வராத குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம் இது.

"கறுப்பாத்தான் இருக்கும். யாரும் தொடாதீங்க. தானா வரும்," என்று சொல்லிவிட்டு அம்ஜத் கிளம்பிவிட்டான். அன்று மச்சானுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுப் பெண்கள் வெளியே காரில் உட்கார்ந்து ஹாரன் மேல் ஹாரனாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தே முக்காலுக்குத் தஹ்ஸீன் போன் செய்தான். "உஸ்தா, உன் டப்பா செத்துப்போச்சு. ஆறு வாட்டி பிடுங்கிப் பிடுங்கிச் செருகிட்டேன். எரியலை."

"பிடுங்காதீங்க! அப்படியே விட்டுடுங்க. ஒரு பத்து நிமிஷம்..."

"பத்து நிமிஷத்துல நான் ஒரு லாரி ஐஸ் ஏத்திடுவேன்," என்று போனை வைத்துவிட்டான் தஹ்ஸீன்.

ஆறேகாலுக்கு, மாலைத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, ஐஸர் விழுந்தான்.

"திரும்பிப் போயிருக்கணும், சித்தப்பா. காலையில பார்த்துக்கலாம்னு நெனச்சேன்."

ஜாஸிப் தலைத்துணியை மறுபடி கட்டிக்கொண்டார்.

"பஞ்சாயத்துல இந்த 'நெனச்சேன்'ங்கற வார்த்தையை மட்டும் வாயில எடுக்காதே."

* * *

கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கச் சுவர் ஓரமாகவும் திண்டுகள். நடுவில் கம்பளம். ஒரு வாரத்தில் ஹாஜி ஷனாவாவின் முகம் குழிந்து போயிருந்தது. கையில் தஸ்பீஹ் மணிமாலை ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் தஹ்ஸீன், கறுப்புச் சட்டை, இடுப்பில் துப்பாக்கி. உட்கார்ந்திருந்தாலும் அவன் கால் ஆடுவது நிற்கவில்லை.

சையித் நஈம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஐஸரோட ரத்தம் யார் கையில இருக்குங்கறது வேற கணக்கு. அதைத் தேடிட்டிருக்காங்க. நதிக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க மேல சந்தேகம்னு சில பேர் சொல்றாங்க. ஆதாரம் இல்லாம அதைப் பேசினா நாளைக்கே இருபது பொணம் விழும், அதனால பேசாதீங்க. இங்க கேள்வி ஒண்ணுதான். இந்த அம்ஜத் வித்த ரேம் அந்த மெஷினுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? பொருந்தாதுன்னா இவங்க ஊரை விட்டுப் போகணும். பொருந்தும்னா இவன் மேல பழி இல்ல."

"இதுல கேக்க என்ன இருக்கு, சையித்?" என்றான் தஹ்ஸீன். "ரெண்டும் வேற வேற கம்பெனி. சந்தையில நாலு பேரைக் கேட்டேன். ஒத்துப்போகாதுன்னுதான் சொல்றாங்க. கழுதையையும் ஒட்டகத்தையும் ஒரே வண்டியில கட்டியிருக்கான்."

சிலர் தலையாட்டினார்கள்.

காபி கொண்டுவருபவர் கெண்டியோடு சுற்றி வந்தார். சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய்க் காபி ஊற்றி ஜாஸிப்பிடம் நீட்டினார். ஜாஸிப் வாங்கினார். குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தன் முன்னால் கம்பளத்தில் வைத்தார்.

எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்தின் மேல் போனது. விருந்தாளி காபியைக் கீழே வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அதை நிறைவேற்றாமல் அந்தக் காபி ஆறிப்போனால், வீட்டுக்காரன் தலை நிமிர்ந்து வெளியே நடக்க முடியாது.

"குடிங்க, ஜாஸிப்," என்றார் ஹாஜி.

"ஒண்ணு கேக்கணும், ஹாஜி. குடுத்தா குடிப்பேன்."

"என் பிள்ளை ரத்தத்தைத் தவிர எதை வேணா கேளுங்க."

"அந்த மெஷின் இங்க வரணும். எல்லார் முன்னாடியும் என் பையன் அதைப் போட்டுக் காட்டுவான். எரியலைன்னா நாளைக்குச் சூரியன் வர்றதுக்குள்ள நாங்க மூட்டையைக் கட்டிடறோம்."

மணிமாலை நின்றது.

"செத்த மெஷினைப் பார்த்து என்ன ஆகப்போவுது?" ஹாஜியின் குரல் கரகரத்தது. "என் பிள்ளையே மண்ணுக்குள்ள போய்ட்டான். நான் இங்க டப்பா பார்க்கறதுக்கா உக்காந்திருக்கேன்?"

"வரட்டும், அப்பா!" தஹ்ஸீன் எழுந்தே விட்டான். "நானே எடுத்துட்டு வரேன். நாற்பது பேர் கண்ணால பார்க்கட்டும். அப்புறம் ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது."

"வேணாம்டா."

"ஏன் வேணாம்?"

ஹாஜி மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"காபி ஆறுது, ஹாஜி," என்றார் சையித் நஈம்.

ஹாஜி தலையை ஒரு முறை அசைத்தார். அவ்வளவுதான்.

* * *

கம்பளத்தின் நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் மினி பிசி, பக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த திரையும் மவுஸும். அம்ஜத் முழங்காலிட்டான். மெஷினைத் திருப்பியதுமே அவன் கை நின்றது.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு. இதை யார் திறந்தது?"

"ஆரம்பிச்சுட்டான்!" தஹ்ஸீன் தொடையில் தட்டினான். "நான் திறக்கலை. எங்க வீட்ல யாரும் திறக்கலை. நீயே கிழிச்சுட்டு வந்து இங்க கதை விடறியா?"

"இது உங்க கிட்டதான் இருந்துச்சு."

"திற, திற. உள்ள என்ன பொக்கிஷம் இருக்குன்னு பார்க்கலாம்."

அம்ஜத் மூடியைக் கழற்றினான். இரண்டாவது ரேம் ஒரு பக்கம் எழும்பி நின்றது. பிடித்திருக்க வேண்டிய கொக்கி விலகியிருந்தது. அது தானாக விலகாது. விரல் நகத்தால் நெம்பினால்தான் விலகும்.

"நான் இப்படி வைக்கலை, சையித். யாரோ தூக்கி விட்டிருக்காங்க. இப்படி இருந்தா ஏழு வருஷம் காத்திருந்தாலும் எரியாது."

"சரி, வெளிய எடு. நான் பார்க்கணும்."

சையித் நஈம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு ரேம்களையும் உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, லேபிளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். "எறும்பு எழுதின மாதிரி இருக்கு," என்று நடுவில் முணுமுணுத்தார். அம்ஜத் விளக்கினான். தலைமுறை ஒன்று. வோல்ட் ஒன்று. அளவு இந்த போர்டு தாங்குகிற அளவுதான். வேகம் மட்டும் வேறு. மினி பிசியின் பெட்டியில் வந்த தாளைக் காட்டினான். அதிலும் அதே எண் இருந்தது.

"தாள்ல பொருந்துது," என்றார் சையித். "மெஷின்ல பொருந்தணும். மாட்டு."

அம்ஜத் ரேமின் தங்க நிறப் பற்களை அழிப்பானால் துடைத்தான். சாய்த்துச் செருகி அழுத்தினான். டிக், டிக் என்று இரண்டு கொக்கிகளும் பிடித்துக்கொண்டன. பிறகு தான் கொண்டுவந்திருந்த யூபிஎஸ்ஸை அருகே இழுத்தான்.

"அந்தப் பெட்டி வேணாம்," என்றான் தஹ்ஸீன். "மந்திரவாதி மாதிரி ஜோடிச்சுட்டு வந்திருக்கான். எங்க கரண்ட்ல எரியட்டும். தொழிற்சாலையில என்ன கரண்டோ அதுலதானே எரியணும்?"

அம்ஜத் சையித்தைப் பார்த்தான். அவர் சரி என்று கையசைத்தார். சுவர் பிளக்கில் செருகினான். சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. திரை கறுப்பாக இருந்தது.

"ஆறு நிமிஷம் ஆகலாம். தயவு செஞ்சு யாரும் தொடாதீங்க."

முதல் நிமிடம் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டாவது நிமிடம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இவன் கடையில ரொட்டி வாங்கினா அடுத்த ரமலானுக்குத்தான் வெந்து வரும்போல," என்று மூலையிலிருந்து யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. துக்க வீடு என்பது நினைவு வந்து சட்டென்று அடங்கியது.

மூன்றாவது நிமிடம். நாலாவது.

டக்!

சுவரில் இருந்த லைன் மாற்றும் சுவிட்ச் தானாக மாறியது. அரசு மின்சாரம் போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி, ஜெனரேட்டர் லைன் வந்ததும் மறுபடி வேகம் பிடித்தது. நீல விளக்கு அணைந்து, திரும்ப எரிந்தது.

அம்ஜத்தின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. "போச்சு. மறுபடி முதல்லேர்ந்து."

"கேட்டீங்களா?" தஹ்ஸீன் கையை விரித்தான். "கரண்ட் மேல பழி. அடுத்தது வெயில் மேல சொல்வான்."

"தஹ்ஸீன், உக்காரு," என்றார் சையித். "ஓடறவன் காலைக் கட்டிட்டுப் பந்தயம் வைக்கறதுல என்ன நியாயம் இருக்கு? அந்தப் பெட்டியை மாட்டு, அம்ஜத்."

யூபிஎஸ் வழியாக இணைப்பு கொடுத்தான். மறுபடி நீல விளக்கு. மறுபடி கறுப்பு. ஜாஸிப்பின் முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது. அம்ஜத் கடிகாரத்தைப் பார்க்காமல் ஹனாவை நினைத்தான். காலையில் அவள் துணிகளை மடித்து இரண்டு பைகளில் வைத்திருந்தாள். குழந்தைக்கு என்று பின்னிய சின்னத் தொப்பி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை. பஸ்ராவுக்கு வெளியே அவனுக்கு யாரையும் தெரியாது.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தே?" சையித் தஹ்ஸீனிடம் கேட்டார்.

"ஒரு நிமிஷம். இல்லன்னா ஒண்ணரை. வராட்டா பிடுங்கிட்டு மறுபடி செருகுவேன். நம்ம ஊர்ல வேற என்ன செய்வாங்க? ஏழெட்டு வாட்டி பார்த்தேன். வெறுத்துப்போய்த் திரையை அணைச்சுட்டு வெளிய போய்ட்டேன்."

"மெஷினோட ஒயர்?"

"அது செருகினபடியேதான் கெடந்துச்சு. எதுக்கு?"

அம்ஜத் நிமிர்ந்தான். யாரும் தொடாமல், செருகியபடி. திரைதான் அணைந்திருந்தது. மெஷின் அணையவில்லை.

"ரொம்ப நேரம் ஆச்சு," என்றார் ஹாஜி திடீரென்று. எழுந்து இரண்டடி வந்திருந்தார். கை ஒயரை நோக்கி நீண்டது. "போதும். எடுத்துடுங்க. இதுக்கு மேல என்ன பார்க்கறது?"

"ஹாஜி," என்றார் சையித். "கையை எடுங்க. ஒத்துக்கிட்டது நீங்க."

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. மெல்லக் கீழே இறங்கியது. அவர் திரும்பிப் போய் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

திரை ஒரு முறை சிமிட்டியது. கறுப்பு, சாம்பலானது. நடுவில் தயாரிப்பாளரின் முத்திரை வெள்ளையாக மலர்ந்தது. கீழ்மூலையில் ஒரு வரி எழுத்து. இரண்டு ரேம், முழு அளவு, பிழை இல்லை.

அம்ஜத் நெற்றியை முக்காலியின் விளிம்பில் சாய்த்துக்கொண்டான்.

"பொருந்திடுச்சு," என்றார் சையித் நஈம். "எல்லாரும் பார்த்தீங்க. இந்தப் பையன் மேல பழி இல்ல. நபி மேல ஸலவாத் சொல்லுங்க."

கூடம் மூன்று முறை உரத்த குரலில் சொன்னது. ஜாஸிப் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பாதி தாடியில் சிந்தியது. துடைக்கவில்லை. தஹ்ஸீன் பல்லைக் கடித்தான். "இன்னிக்கு எரிஞ்சா? அன்னிக்கு எரியலையே!"

மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்ததும் கேமரா மென்பொருள் தானாகத் திறக்கும்படி அம்ஜத்தே வைத்திருந்தான். திரையில் எட்டுக் கட்டங்கள் விரிந்தன. கேமரா இணைப்பு இல்லாததால் எட்டும் வெறுமையாக இருந்தன. அடியில் நாட்களின் பட்டியல். பதிவு உள்ள நேரத்துக்கு மட்டும் நீலக் கோடு வரும். திங்கள், செவ்வாய், புதன் என்று முழு நீளத்துக்கு நீலம். வியாழன் நாலு மணியோடு நின்றது.

பிறகு, சற்றுத் தள்ளி, இன்னொரு சின்ன நீலத் துண்டு.

"சையித்!" அம்ஜத்தின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "அன்னிக்கும் ஓடியிருக்கு! இவர் விட்டுட்டுப் போனதும் அது தானா எழுந்திருக்கு. இங்க பாருங்க, அஞ்சு அம்பத்தி ரெண்டுலேர்ந்து ஆறு இருபத்தி ஒண்ணு வரைக்கும் பதிவு இருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். "அப்ப ஆறேகால் இருக்கு!" "மூஞ்சி இருக்கு!" "போடு, உஸ்தா! போடு!" யாரோ அம்ஜத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள்.

தஹ்ஸீன் மட்டும் எழவில்லை. ஆடிக்கொண்டிருந்த அவன் கால் நின்றிருந்தது. திரையைப் பார்க்கவில்லை. கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருங்க," என்றார் சையித். கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "ஆறேகாலுக்குப் பையன் விழுந்தான். ஆறு இருபத்தி ஒண்ணுக்குப் பதிவு நின்னிருக்கு. அந்த நேரத்துல கரண்ட் போச்சா?"

"இல்ல, சையித்," என்றார் தொழிற்சாலை இன்ஜின் ஓட்டுகிறவர், பின்வரிசையிலிருந்து. "அன்னிக்குச் சாயங்காலம் பூரா நான் ஜெனரேட்டர்லதான் ஓட்டினேன். ராத்திரி எட்டு மணி வரைக்கும் நிக்கவே இல்ல."

அம்ஜத் மவுஸைப் பிடித்தான். அம்புக்குறி நீலத் துண்டின் மேல் போய் நின்றது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஹாஜி ஷனாவா முன்னால் வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. தகப்பன், முதலில் பார்க்கிற உரிமை அவருடையது. அவர் திரையைப் பார்க்கவில்லை. முக்காலி அருகே மெதுவாகக் குனிந்தார், கீழே விழுந்ததைப் பொறுக்குகிறவர் மாதிரி. ஒயரை விரலில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தார்.

நீல விளக்கு அணைந்தது. திரை கறுத்தது.



"ஹாஜி!" சையித் நஈமின் குரல் தாழ்ந்தது. "என்ன செஞ்சுட்டீங்க?"

ஒயர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, கிழவர் திண்டில் உட்கார்ந்திருந்த தஹ்ஸீனைப் பார்த்தார்.

"அன்னிக்கும் திரையில பார்த்துட்டு நான்தான் பிடுங்கினேன், சையித். உள்ள தூக்கி விட்டதும் நான்தான். எனக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான்."